பொய் நியூட்ரலின் இலக்கணம்

நியூட்ரல் இரு வகைப்படும்: மெய் நியூட்ரல், பொய் நியூட்ரல். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே தொழிற்சாலை வைத்து அனுப்பியது மெய். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலோ, மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ வண்டி தானாக உண்டாக்கிக்கொள்வது பொய். முன்னது தேடும்போது அகப்படாது. பின்னது தேடாதபோது வந்து நிற்கும்.

இவ்விலக்கணத்துக்கு மூலநூல் பழைய நான்கு கியர் புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த அந்த வண்டிக்காக மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றது. பிள்ளை வீட்டில் உற்பத்தி நிற்கவில்லை. ஆல்பியன் எனப்படும் அந்த கியர் பாக்ஸும், அதனுடன் சீதனமாக வந்த பொய் நியூட்ரலும் பல்லாண்டு தொடர்ந்தன.

இவ்வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு கொக்கி ராட்செட்டின் ஒரு பல்லைத் தள்ளுகிறது. அந்த அசைவில் ஃபோர்க் நகர்ந்து கியரை இடம் மாற்றுகிறது. கொக்கி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை, இரண்டு போல்ட்டில் நிற்கும் ஒரு பிளேட் முடிவு செய்கிறது.

கியரோடு கியர் சேர்வதும் ஒரு புணர்ச்சியே. இருந்த கியர் நிலைமொழி, வரும் கியர் வருமொழி. மிதித்ததும் ‘டக்’கென்று விழுந்தால் இயல்புப் புணர்ச்சி. விகாரப்பட்டால், நன்னூல் சொல்லும் மூன்றும் இங்கே உண்டு. இரண்டு கியருக்கு நடுவே பொய் நியூட்ரல் வந்து நிற்பது தோன்றல். மூன்றை நினைத்து மிதிக்க நான்கு விழுவது திரிதல். விழுந்த கியர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் நழுவிப்போவது கெடுதல். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பிளேட், கொக்கி, ஸ்பிரிங் காரணம். மூன்றாவதற்குக் காரணம் ஆழத்தில் இருக்கிறது: ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது கியர்களின் பக்கவாட்டில் ஒன்றையொன்று கவ்வும் முட்டுகளின் முனை மழுங்கியிருக்கும்.

உரையாசிரியர்கள் மூன்று கட்சி. எல்லாப் பழியையும் ஸ்பிரிங்மேல் போடுவது ஒரு கட்சி. எதற்கும் பிளேட்டை நகர்த்துவது மற்றொன்று. மூன்றாவது கட்சி வண்டியைத் தொடுவதே இல்லை. “ஓட்டத் தெரியலபா” என்பதோடு உரை முடிகிறது.

சீரமைக்கும் முறை வருமாறு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழே ஒரு சட்டி வைத்து, கிக்கரையும் கியர் லீவரையும் கழற்ற வேண்டும். கடற்காற்று படும் வண்டியில் லீவர் துருப்பிடித்து ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும். சுத்தியலுக்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது நல்லது. மூடியைத் திறந்ததும், பிளேட் நின்ற இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைக்க வேண்டும். இதை மறந்தவர் திரும்பிப் போக இடமில்லை. பிறகு பாகங்களைக் கழுவிப் பார்க்க வேண்டும். கொக்கியின் முனை கூர்மையாக இருந்தால் நல்லது. பளபளவென்று உருண்டிருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால் குட்டை தெரிந்துவிடும். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. ஆடினால் புஷ் மாற்ற வேண்டும்.

பூட்டியபின் பிளேட்டை நகர்த்தும் அளவு நகக்கண் அளவுக்கும் குறைவு. ஒரு கை பின்சக்கரத்தைச் சுற்ற, மறு கை கியரை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஏற்றும்போது மட்டும் பிழைத்தால் ஒரு பக்கம், இறக்கும்போது மட்டும் பிழைத்தால் எதிர்ப் பக்கம் நகர்த்த வேண்டும்.

மெய் நியூட்ரலுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. கியர் லீவர் அருகே உள்ள சிறிய லீவரை, கிளட்ச் பிடித்துக் குதிகாலால் அழுத்தினால், முதல் கியர் தவிர எதிலிருந்தும் வண்டி நேராக நியூட்ரலுக்கு வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடும்போதும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை உறையும்போதும் இதன் அருமை தெரியும். பின்னாளில் வந்த ஐந்து கியர் வண்டிகளில் கியர் இடது காலுக்குப் போனது. இந்தச் சிறு லீவர் அதோடு சேர்ந்து போகவில்லை.

முடிபு: பொய் நியூட்ரல் கண்டவர் பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குக் கிளம்புமுன், அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்திப் பிளேட்டை ஒருமுறை நகர்த்திப் பார்க்க வேண்டும். இலக்கணத்தின் மற்ற பகுதிகள் அதற்குப் பிறகே.