மாப்ள, டெலிவரி தேதி யாரு போட்டது?

வாங்க மாப்ள, உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். பையனை ரெண்டு நாள் கேம்புக்கு அனுப்பிச்சீங்களாமா? கல்யாண மண்டபத்துல ஏசி போட்டு, சுயமேலாண்மை, இலக்கு வெக்கிறது, முடிவெடுக்கறது மூணையும் சொல்லிக் குடுத்து, மத்தியானம் பிரியாணியும் போட்டாங்களாம். நெம்ப நல்ல காரியம். சர்டிபிகேட்டுகூடக் காட்டுனான். ‘தானாக முடிவெடுக்கும் திறன் பெற்றார்’னு போட்டிருக்குது. “ஏங்கண்ணு, இந்தக் கேம்புக்குப் போறதுன்னு யாரு முடிவு பண்ணுனது?”ன்னு கேட்டேன். “அப்பா”ன்னான்.

கேம்பை நான் குத்தம் சொல்லலீங்க. உலக சுகாதார நிறுவனமே 1990கள்ல வாழ்க்கைத் திறன்னு பத்து எழுதிக் குடுத்து, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுங்கன்னுச்சு. முடிவெடுக்கறது அதுல ஒண்ணு. கோவதாபத்தைச் சமாளிக்கிறது இன்னொண்ணு. அந்தப் பட்டியலை உங்க கம்பெனி வாசல்ல ஒட்டுனா, ஷிப்மெண்ட் வாரத்துல மொதல்ல நின்னு படிக்க வேண்டிய ஆளு யாருன்னு நான் சொல்லோணுமா?

என்ற கேள்வி வேற. இதுக்கு எதுக்குங்க வெளியில இருந்து ஆளு? உங்க மெர்சண்டைசர் புள்ள ‘டைம் அண்ட் ஆக்‌ஷன்’னு ஒரு சீட்டு வெச்சிருக்குதுல்ல, அது என்ன? தூத்துக்குடியில கப்பலேத்தற தேதியை மொதல்ல எழுதறது. அங்கிருந்து பின்னால வர்றது: இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், தையல், கட்டிங், சாம்பிள் அப்ரூவல், சாயம், நிட்டிங், கடைசியா நூலு. எந்த எடத்துல ஒரு நாள் வழுக்குனாலும் அன்னைக்கே தெரிஞ்சு போகும். தெரிஞ்சும் சும்மா இருந்தா கப்பலு போயிரும், ஏர்ல அனுப்பற காசு உங்க தலையில. இலக்கு வெக்கிறதுன்னா இதுதானுங்களே! சீமையில முகம் தெரியாத எவனுக்கோ தேதி பிசகாம வேலை பாக்கறீங்க. சொந்த மவனுக்கு என்ன இலக்கு குடுத்திருக்கீங்க? “நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வரோணும்.” ஒரு பையரு, ‘நல்ல பனியனா, நெறைய அனுப்புங்க’ன்னு மெயில் போட்டா ஆர்டரை எடுப்பீங்களா? அளவு எங்கம்பீங்க, ஜிஎஸ்எம் எங்கம்பீங்க, கலரு எங்கம்பீங்க, தேதி எங்கம்பீங்க. பையன் மட்டும் ஒண்ணும் கேக்காம தலையாட்டோணும்.

அந்தச் சாம்பிள் வெசயத்தையும் பாருங்க. ஆயிரக்கணக்குல வெட்டறதுக்கு முன்னால ஒரு பீஸ் தெச்சு அனுப்பறீங்க. அவன் கழுத்து பெருசுங்கறான், கை சிறுசுங்கறான். திருத்தி மறுக்காவும் அனுப்பறீங்க. சரின்னு எழுத்துல வந்த அப்புறமேட்டுத்தான் கட்டிங் மாஸ்டரு கத்தியைத் தொடறாரு. பையனுக்குச் சாம்பிளே கெடையாது, நேரா பல்க். பதினாறு வருசமா அவனுக்குச் சட்டை கலருகூட அம்மிணிதான் எடுத்து வெச்சுது. பத்தாவது முடிஞ்சதும் ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸான்னு கேட்டா முழிக்காம என்ன பண்ணுவான்? அட, அவனையும் கேக்கலீங்களே! ஒறம்பரை பூராக் கூடி ஓட்டுப் போட்டாங்க. கோபி சித்தப்பன் ஃபர்ஸ்ட் குரூப்பு, ஊத்துக்குளி அத்தை பயாலஜி. ஓட்டில்லாத ஒரே ஆளு அவந்தான். சட்டப்படியும் அது சரிதான், பதினெட்டு ஆகலீல்ல.

நீங்க உடனே ஆரம்பிப்பீங்க, “எங்கப்பாரு பத்தாவது ஃபெயிலு, துணி மடிச்சுக் குடுக்கற கைமடியா உள்ள போயி கம்பெனி வெச்சாரு”ன்னு. வாஸ்தவம். 1978ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரர் நம்ம திருப்பூருக்கு வந்து பனியன் வாங்குனதுல இருந்து எக்ஸ்போர்ட் காத்து அடிச்சுது. அதுல மேல வந்தவங்கள்ல உங்கப்பாரும் ஒருத்தரு. ஆனா அவரோட சேந்து அதே டேபிள்ல கைமடிச்ச மத்தவங்க எந்தக் கல்யாணத்துலயும் மைக்கைப் புடிச்சுக் கதை சொல்லி நான் பாத்ததில்லை. நீங்க பாத்திருக்கீங்களா?

சுயமேலாண்மை பாக்கோணும்னா உங்க கம்பெனிக்குப் பொறத்தால லைன் வீட்டுக்குப் போங்க. அப்பனும் ஆத்தாளும் ஒன்றரை ஷிஃப்டுக்குப் போயிருவாங்க. பதிமூணு வயசுப் புள்ள, தண்ணி வர்ற நாளை ஞாபகம் வெச்சுக் கொடத்தை வரிசையில போட்டு, சோறாக்கி, தம்பியைக் கெளப்பி, தானும் பள்ளிக்கூடம் போவுது. அதுக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கலை. அந்த மாதிரி வீட்டுப் புள்ளைகளுக்கு இருக்கற இக்கட்டு வேற. பதினாலு வயசுக்குள்ள எந்தக் கம்பெனியிலயும் வேலைக்கு வெக்கக் கூடாது, பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலை கூடாதுன்னு 2016ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. இருந்தாலும் பத்தாவது லீவுல சும்மா கைமடிக்க வர்ற பசங்கள்ல கொஞ்சம் பேரு திரும்பிப் போறதில்லை. சனிக்கெழமை ஆனா கையில காசு. படிப்போட காசு வர வருசக்கணக்காகும். அந்த வயசுல அவன் போடற கணக்கு தப்பில்லீங்க. அவனுக்குத் தெரியாத வரி ஒண்ணு அந்தக் கணக்குல விட்டுப் போச்சு. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சுட்டு மேல படிக்கப் போனா மாசம் 1000 ரூபா வருது. பொம்பளைப் புள்ளைகளுக்குப் புதுமைப் பெண் 2022ல வந்துச்சு. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024ல, நம்ம கோயமுத்தூர்லதான் தொடங்குனாங்க. என்ன படிக்கலாம், எங்க போலாம்னு வழி சொல்ல நான் முதல்வன் இருக்குது. சம்பளம் எண்ணிக் குடுக்கறப்ப அவங்கப்பன் காதுல இதை நீங்க ஒரு வார்த்தை போட்டா, அதுக்கு மண்டப வாடகை கெடையாது. கைமடிக்க ஒரு ஆளு கொறையும், அதுதான் செலவு.

‘தெளிவான இலக்கு’ன்னு உங்க கேம்பு நோட்டீசுல கொட்டையா அடிச்சிருந்தாங்க. அதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு ஓடுச்சுல்ல நம்ம பக்கத்து ஸ்பின்னிங் மில்லுகள்ல? தெக்குச் சீமையில இருந்து வயசுப் புள்ளைகளைக் கூட்டியாந்து, மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாரு, முடிவுல கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னாங்க. இலக்கு தெளிவு, தேதி தெளிவு, தொகை தெளிவு. கேம்புக்காரங்க கேக்கற அத்தனையும் இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்ங்கறது மட்டும் இல்லை. ஒடம்பு முடியாம நடுவுல வீட்டுக்குப் போன புள்ளைகள்ல எத்தனையோ பேருக்கு அந்தத் தொகை கைக்கே வரலை. அதனால யாரு இலக்குன்னு பேசுனாலும், தேதி போட்டது யாருன்னுதான் நான் மொதல்ல பாப்பேன்.

இன்னொரு கூத்து. நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடறது இந்த வயசுப் பசங்களோட கொணம்னு கேம்புல சொன்னாங்களாமா. பையன் எங்கிட்ட ஒப்பிச்சான். நான் நம்ம நொய்யல் ஆத்தை நெனச்சுக்கிட்டேன். சாயத்தண்ணிக்கு வழி பண்ணோணும், பண்ணோணும்னு வருசக்கணக்காத் தள்ளிப் போட்டவங்க யாருங்க, பத்தாம் வகுப்புப் பசங்களா? பாசனத்துக்குக் கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணிதான் தேங்குச்சு. கடைசியில ஹைகோர்ட்டு 2011 ஜனவரி 28ல எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொல்ற வரைக்கும் நமக்கு அவசரமே வரலை. ஒரு சொட்டுகூட வெளிய விடாம ஓட்டறதுக்கு வழி அப்புறமேட்டுத்தான் வேகமாப் பொறந்துச்சு. மவனை உக்கார வெச்சு இந்தக் கதையைச் சொல்லுங்க. நம்ம மானம் போகும், பரவால்ல.

என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? ஒரே ஒரு சாம்பிள் போடுங்க. ஒண்ணாந்தேதி அவன் கையில ஒரு மாசத்துக் காசைக் குடுத்துருங்க. பஸ்ஸு, ரீசார்ஜ், நோட்டு, பொரட்டா எல்லாம் அதுக்குள்ள. கணக்குக் கேக்காதீங்க. பன்னெண்டாந்தேதி காலியாகும். ஆகட்டும். மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வருவான். வரட்டும். அம்மிணி பொடக்காளிப் பக்கம் கூப்பிட்டு நூறு ரூபா திணிச்சுதுன்னா, அவன் ஏர் ஃபிரைட்டை நீங்க கட்டுனதாகிப் போகும். அந்த மாசம் பூராவும் அவன் பட்டுக்கறது சுலுவுங்க, நீங்க ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருக்கறதுதான் பாடு. ரெண்டாம் மாசம் இருபதாந்தேதி வரைக்கும் ஓட்டுனா, அதுதான் அப்ரூவல். அடுத்தது கொஞ்சம் பெருசாக் குடுங்க: ட்யூசன் வேணுமா வேண்டாமான்னு அவனே சொல்லட்டும். அவன் சொல்றது உங்களுக்குப் புடிக்காதுன்னு எனக்கு இப்பவே தெரியும்.

இந்தக் குரூப்பு அவனுக்கு ஒத்து வருதா, இல்லையான்னு எங்கிட்ட ஒண்ணு சொன்னான். அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே கேளுங்க. என்னைக்குக் கேப்பீங்க? போன் அடிக்குது பாருங்க. பையரா? எடுங்க, எடுங்க, அவனைக் காக்க வெக்காதீங்க. இது அப்புறம் பாத்துக்கலாம், இதுக்குத்தான் நீங்க தேதியே போடலீங்களே.