தளந்தேடியார்

ஆலங்குளம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் வேண்டும். வந்த மூட்டை, எடை, தரகு, விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கி, இவ்வளவுதான் வேலை. ஆனால் தளந்தேடியார் என்ற இனத்தவர் கையில் அது சிக்கினால், விண்டோஸுக்கு எழுதுவதா, லினக்ஸுக்கா, மேக்குக்கா, பிரவுசருக்கா என்பதே தீராது. தலை வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பேரருவியா ஐந்தருவியா பழைய அருவியா என்று யோசித்தபடி சீசன் முடியும்வரை குற்றாலத்துச் சாலையிலேயே நிற்பவர் அவர். அறிவில் குறை சொல்ல முடியாது. எம்.ஐ.டி.யில் 1984இல் எக்ஸ் விண்டோ என்ற ஜன்னல் அமைப்பு பிறந்ததும், மறு ஆண்டே விண்டோஸ் வந்ததும், எக்ஸுக்கு மாற்றாக 2008இல் வேலண்ட் தொடங்கியதும் அவருக்கு விரல் நுனியில். க்யூடி என்ற கருவித்தொகுப்பில் எழுதினால் எல்லாவற்றிலும் ஓடுமே என்றால், "ஓடும் வே, ஆனா பட்டனப் பாத்தாலே அசலூர்னு தெரிஞ்சிருமே" என்பார்.

தளத்தைக் கடைக்காரர் என்றைக்கோ தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதே என் கட்சி. கல்லா மேசையில் இருக்கும் பழைய கணினியில் எது ஓடுகிறதோ, அதுதான் தளம். 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் எழுதிய நிரல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. "சில்வர்லைட் கதி தெரியுமா?" என்று மடக்குவார். நியாயம்தான்; 2007இல் வந்ததை மைக்ரோசாஃப்ட் 2021இல் கைவிட்டது. ஆனால் திரையில் தெரியும் ஜன்னல் என்பது கடையின் பெயர்ப்பலகை; உள்ளே ஓடும் கணக்குதான் பேரேடு. இடம் மாறினால் வேறு பலகை எழுதலாம், பேரேடு கூடவே வந்துவிடும். தரகுக் கணக்கைப் பட்டனுக்குள்ளேயே எழுதித் தொலைத்தவர்தான் பயப்பட வேண்டும். அடுத்து மத்தளம்பாறையைக் காட்டுவார்: 2011 முதல் அங்கே இயங்கும் ஜோஹோ, 2005லேயே எழுதுமென்பொருளைப் பிரவுசரில் ஓடவிட்ட நிறுவனமாயிற்றே! உலகெங்கும் வாடிக்கையாளர் இருந்தால் பிரவுசர் சரி. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரே கடைக்கு, ஏலம் மும்முரமாக நடக்கையில் நெட் போனால் தக்காளி காத்திருக்குமா?

இதற்குத் தளந்தேடியாரிடம் பதில் இல்லை. விண்டோஸ்தான் என்று பெருமூச்சோடு ஒப்புக்கொள்வார். கடைக்காரருக்கும் மனம் குளிரும். பிறகு, விண்டோஸிலும் ஜன்னல் வரைய வின்ஃபார்ம்ஸா, டபிள்யூபிஎஃபா, வின்யூஐயா என்று தலைக்கு இன்னொரு கை எண்ணெய் வைப்பார்.