பொத்தான் அமுக்கும் படலம்

பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தை 1962இல் நேரு திறந்துவைத்தார். நாட்டில் அறிவியல் மனப்பான்மை வளர வேண்டும் என்பது அவர் ஆசை. வளர்ந்திருப்பது பொத்தான் அமுக்கும் திறமை. எதைக் கண்டாலும் முதலில் அமுக்கு. ஒன்றும் நடக்கவில்லையா, இன்னும் பலமாக அமுக்கு. நடந்துவிட்டதா, என்னவென்று பார்க்காமல் அடுத்ததற்கு ஓடு. நம் பிள்ளைகள் வகுத்த ஆய்வுமுறை இதுதான்.

அப்பாக்கள் பாடு தனி. விளக்கப் பலகையை ஓரக்கண்ணால் படித்துவிட்டு, பிறவியிலேயே தெரிந்தவர்போல, "அது வந்துப்பா, மைய விலக்கு விசை..." என்று தொடங்குவார்கள். கேட்க வேண்டியவன் அதற்குள் டைனோசரிடம் போயிருப்பான். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர்தான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ரைட் சகோதரர்களின் விமானம் அசல் அளவில் மாதிரியாக நிற்கிறது. 1903 டிசம்பர் 17 அன்று அது முதலில் பறந்தது 12 விநாடி. பிள்ளைகள் அதன்முன் நிற்பது அதைவிடக் குறைவு. அந்த முதல் பயணத்துக்குச் சாட்சி ஒரே ஒரு புகைப்படம். நம்மவர்கள் மாதிரிக்கே நாற்பது எடுக்கிறார்கள், அத்தனையிலும் விமானத்தை மறைத்துக்கொண்டு.

பெரியவர்கள் மெய்மறந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், எந்த அறிவியல் கூடத்திலும் வளைகண்ணாடிப் பக்கம் போக வேண்டும். ஆளை ஒல்லியாகக் காட்டும் கண்ணாடிமுன் எப்போதும் கூட்டம். குண்டாகக் காட்டுவதன்முன் பிள்ளைகள் மட்டும்.

வாசலில் அப்பாவின் தேர்வு: "சொல்லு, எது ரொம்பப் பிடிச்சுது?"

"லிஃப்ட்டுப்பா."