எழுவையிலை இழுவை இல்லை

"மாமா, வண்டியிலை இழுவை இல்லை" எண்டு வந்து நிக்கிறாய். எழுவைதீவிலை உனக்கு எவ்வளவு இழுவை வேணும் மருமோன்? நாலாம் கியர் விழ முன்னம் ஊர் முடிஞ்சு கடல் வந்திடும். சரி, வந்திட்டாய், திண்ணையிலை இரு.

வள்ளத்திலை ஏத்தி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், போர் அடிச்சுப் புதுப் பிஸ்டன் போடப்போறாயாம். காசு இருக்கிறவன் தடிமனுக்கும் தலையைக் கழட்டுவான். முதல்லை நியூற்றலிலை விட்டுப் பின்சில்லைத் தூக்கிச் சுத்து. உப்புக்காத்துக்குப் பிறேக் இறுகிப்போய் நிண்டால், பாவம், எஞ்சினைப் பேசி என்ன பலன்? நல்லாச் சுத்துது. சரி. முறுக்கேக்கை எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகராட்டில் கிளச்சுத் தட்டு. உன்ரை அப்பிடியுமில்லை. அரை முறுக்கு மட்டும் நல்லா வந்து, பேந்து தொண்டை அடைச்ச கிழவன் மாதிரி முக்குது.

பிளக்கைக் கழட்டு. பனங்கட்டி நிறமெண்டால் சுகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்தால் எங்கையோ கள்ளக் காத்து உள்ளை போகுது. இது தார். பெற்றோலுக்கு ஒயில் எவ்வளவு விட்டனி? "பிஸ்டன் நல்லாயிருக்கட்டுமெண்டு கொஞ்சம் கூட." அட, பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போட்டமாதிரி! ஒயில் கூடினால் அந்தளவுக்குப் பெற்றோல் குறையும், எரியாதது கரியாய்ப் படியும்.

ரூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் புகை போறதுக்கெண்டு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலை ஒரு ஓட்டை, அதைத் திறக்கிறதும் பூட்டுறதும் பிஸ்டன்தான். பழம்புகை போகாமல் புதுச்சரக்கு எங்கை வரும்? அந்த ஓட்டையும் சைலன்சரும் அடைச்சால் எஞ்சின் தன்ரை புகையைத் தானே குடிக்கும்.

உந்தக் குழாயைச் சும்மா நினையாதை. 1961இலை கிழக்கு ஜேர்மனியின்ரை எம்சட் கொம்பனிக்குப் பந்தயம் ஓடின ஏர்ன்ஸ்ற் டெக்னர், அங்கை வால்டர் காடன் தேர்ந்து வைச்சிருந்த புகைக்குழாய் வித்தையோடை தப்பிப்போய் சுசுகியிலை சேர்ந்தவன். அடுத்த வருசமே 50 சிசியிலை உலகச் சம்பியன். அவன் அதுக்காக நாட்டை விட்டான். நீ சைலன்சருக்கு ரெண்டு நட்டுக் கழட்டப் பஞ்சிப்படுறாய்.

எங்களுக்கு இதெல்லாம் படிப்பிச்சது பொருளாதாரத் தடைக்காலம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை பெற்றோல் மருந்துமாதிரி. சின்னப் போத்திலிலை ரியூப் செருகின சூப்பியாலை காபரேற்றருக்கு ரெண்டு சொட்டுக் காட்டி உதைப்பம். சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்தான். பின்னாலை வாறவனுக்குப் புகை, எங்களுக்குப் பிளக்குத் துடைக்கிற வேலை. நீயும் அப்பிடி ஓடலாமெண்டு யோசியாதை. 2022 ஆகஸ்டிலை ஒரே அடியாய் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ஆனதிலை கடல்தொழில்காரரே வாயடைச்சுப் போச்சினம்.

இப்ப சைலன்சருக்குள்ளை இருக்கிற குழாயை இழுத்தெடு. பாத்தியே, ஒரு விரல் போகவேண்டிய ஓட்டையிலை ஈர்க்கு போகேல்லை. கொக்கறையை மூட்டி அதிலை போடு. சிவக்க எரிஞ்சு ஆறட்டும், பேந்து கல்லிலை தட்டு. சிலிண்டர் ஓட்டைக் கரியை, பிஸ்டனைக் கீழை இறக்கிப்போட்டு மரச்சிராயாலை சுரண்டு. இரும்பைக் கொண்டு குத்தினால் பிறகு போர் அடிக்கத்தான் வேணும்.

அதுக்குப் பிறகும் இழுக்காட்டில் கிராங்குச் சீலைப் பாப்பம். மக்னெற்றுப் பக்கச் சீல் போனால் முறுக்காமலே எஞ்சின் தன்ரைபாட்டிலை ஏறும். கிளச்சுப் பக்கம் போனால் கியர் ஒயிலைக் குடிச்சுக் குடிச்சு வெள்ளைப் புகை தள்ளும். உன்ரை புகையைப் பாக்க அப்பிடித் தெரியேல்லை.

கொக்கறையை மட்டும் அந்த மூலையிலை எடாதை. அது மாமி இரவுப் பிட்டுக்கு அடுக்கி வைச்சது. கேட்டால் நான் கிணத்தடியிலை நிண்டனான்.