எச்சிலுக்கு மரியாதை

கோலியனூர்க்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. ஆனால் எங்கள் ஆட்கள் கடலை முழங்கால் வரைக்கும்தான் நம்புவார்கள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூபா டைவிங் போகப் போகிறேன் என்றதும் அத்தை, "கிணத்துல குதிச்சதெல்லாம் போதாதாடா? உள்ள மூச்சு முட்டினா என்ன பண்ணுவ?" என்றார். மூச்சு முட்டவே இல்லை. தாகம்தான் தாளவில்லை. தலைக்கு மேலே தண்ணீர், காலுக்குக் கீழே தண்ணீர். நடுவில் என் நாக்கு மட்டும் சித்திரை மாதத்து ஏரியாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

படகிலேயே அதற்கு அறிகுறி தெரிந்தது. மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க, உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டுமாம். "துப்புங்கண்ணா" என்றார் பயிற்சி தரும் தம்பி. துப்பினேன். சத்தம் மட்டும் வந்தது.

அடுத்தது, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர். அதன் ரப்பர் முனையை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கிய வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு முன்னால் எத்தனை பேர் கவ்வினார்களோ! "கழுவித்தாண்ணா வெச்சிருக்கோம்" என்றார். கவ்வினேன். இந்தக் கருவிக்கு மூலம், பிரான்சில் 1943இல் ழாக் குஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய அக்வாலங். 1954இல் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்களோடு எனக்கு இன்னும் கணக்கு தீரவில்லை.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சுவிடும் காற்றேதான். கம்ப்ரசரில் அழுத்தி 200 பார் அளவுக்கு அடைக்கிறார்கள். ஈரம் இருந்தால் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும், குளிர்ந்த நீரில் ரெகுலேட்டர் உறைந்தே போகும் என்பதால் ஈரத்தை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். கரையில் நின்றபோது என் சட்டையைப் பிழிய வைத்த காற்றைத்தான் அவர்கள் பிழிந்து உலர்த்தி எனக்கே கொடுத்திருந்தார்கள். மூக்கால் இழுத்தாலாவது கொஞ்சம் ஈரம் ஏறும். அதை மாஸ்க் மூடிவிட்டதே! போதாததற்கு, குமட்டாமலிருக்க நான் போட்டிருந்த வாந்தி மாத்திரைக்கும் வாயை உலர்த்தும் குணம் உண்டு. பயமும் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கல்லின் கனத்தில் விறுவிறுவென்று இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, மேலே வந்துவிடுவார்கள். இழுத்தால்தானே உலரும்? ஸ்கூபாவிலோ மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் காற்று உள்ளேயே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம்.

வைத்தியங்கள் உண்டு. இறங்கும் முன் நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம்; அதன் பின்விளைவைப் பற்றிப் பொதுவில் எழுத முடியாது. நிதானமாக மூச்சு விடலாம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டால் காற்று நேரே தொண்டையில் அடிக்காது. சில ரெகுலேட்டர்களில் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். விடுகிற மூச்சின் ஈரம் அதில் படிந்து, அடுத்து இழுக்கிற காற்றோடு வாய்க்குத் திரும்பும். கடல்நீரை ஒரு சொட்டு உள்ளே விட்டு வாயை நனைப்பவர்களும் உண்டு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மாவடுவுக்கு ஆகும், எனக்கு ஆகாது.

எனக்குக் கைகொடுத்தது சின்ன வயசுச் சேட்டைதான். புத்துவாயம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் எதிரே நின்று புளியைச் சப்பிக் காட்டுவோம். அவருக்கு வாய் ஊறி சீவாளி தடுமாறும்; தவில்காரர் குச்சியோடு துரத்துவார். அந்த வித்தையைக் கடலடியில் எனக்கு நானே செய்துகொண்டேன். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கிளிமூக்கு மாங்காய், கீறின இடத்தில் சாறு கசிய, கண்முன் வந்தது. ஊறியது பாருங்கள் எச்சில்! பக்கத்தில் மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போயினவாம். காசு கொடுத்து உள்ளே போன நான் மாங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகில் ஏறியதும் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறி வந்தது. ஊரார் கவ்விய ரப்பரை அவ்வளவு நேரம் கவ்விக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று ஆசாரம் திரும்பிவிட்டது. உதடு படாமல் அண்ணாந்தேன். படகு ஆடியது. வங்காள விரிகுடா ஏறாத மூக்கில் பாட்டில் தண்ணீர் ஏறியது.