புகுவோர் உடன்பாட்டியல்

மாணாக்க, முன்வந்து அமர்க. பல்கலைக்கழகத்திற்கும் அதனுட் புகவிருப்போனுக்கும் இடையே நிகழும் உடன்பாடு எத்துணை வகைத்து என்பதை இவ்வியல் கூறும். நிலத்திற்கும் பூவிற்கும் வகை கூறிய முன்னோர், வேண்டுபடிவத்திற்கும் அதன்கீழ் இடப்படும் கையொப்பத்திற்கும் வகை கூறாது சென்றனர். அக்குறை இன்று நீங்கும்.

ஈண்டுப் புகுவோன் எனப்படுவான், மேல்நிலைத் தேர்வை எழுதி முடித்து, மதிப்பெண் வெளிவருமுன்னரே தன் தந்தையின் அலைபேசி எண்ணைப் பிறர் அறியப் பெற்றவன். ஏற்போர் எனப்படுவோர், பல்கலைக்கழகமும் அதன்பாற்பட்ட கல்லூரியும் அவற்றின் பெயரால் மாலையில் அழைக்கும் இன்குரலும் ஆவர். ஆய்வுக்களம் வளவனூர். என்னை? விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலையும் இருப்புப்பாதையும் ஒருங்கு செல்லும் பேரூர் அது. காலையில் அதன் பேருந்து நிறுத்தத்தில் நிற்போன், ஒரே தெருவிற் பிறந்த மூவர் மூன்று வண்டியில் ஏறி ஒருவன் விழுப்புரத்திற்கும் ஒருவன் புதுச்சேரிக்கும் ஒருவன் திண்டிவனத்திற்கும் செல்லக் காண்பான். மூவரும் கையொப்பமிட்டுச் செல்பவர். ஆகலின் வேறு களம் வேண்டா.

உடன்பாட்டின் உறுப்பு உறுதி. அது சொல்லுறுதி, தட்டியுறுதி, அச்சுறுதி, பொருளுறுதி, எழுதாவுறுதி என ஐவகைப்படும். ஆறென்பாரும் உளர். அவர் உணவுவிடுதியைத் தனியே எண்ணினர். அது கொள்ளற்க.

முதலாவது சொல்லுறுதி. அஃது ஏற்போர் வாயில் தோன்றிப் புகுவோன் வீட்டில் தங்குவது, எத்தாளிலும் ஏறாதது. இதன் முதற்கிளை நாட்குறுக்கம். “சார், உங்க பையனுக்குச் சீட்டு எடுத்து வச்சிருக்கோம், சனிக்கிழமைக்குள்ள வந்தா ஃபீஸ்ல கன்செஷன் உண்டு” என்பது எடுத்துக்காட்டு. இதனுள் சனிக்கிழமை என்றது அவ்வெழுநாளின் சனியை மட்டும் குறியாது, இடம் நிரம்பும் வரை வரும் எல்லாச் சனியையும் தழுவி நிற்கும். இரண்டாங்கிளை முற்றெண். “நூத்துக்கு நூறு பிளேஸ்மென்ட்” என்பது அது. வேலைக்கெனப் பெயர் பதிந்தாருள் நூறா, தேர்ச்சி பெற்றாருள் நூறா, சேர்ந்தாருள் நூறா என வினவுவான் நூல்நெறி அறியாதான். ஈண்டு நூறு எண்ணுப்பெயர் அன்று, வாழ்த்து என்க. மூன்றாங்கிளை உறவுறுதி. அழைப்பவர் முதலில் சார் என்பார், பின்னர் அண்ணா என்பார், முடிவில் அப்பா என்பார். அப்பா என்றபின் முன்பணம் கேட்கப்படும்.

தட்டியுறுதி சாலையோரத்தது. மழையில் நனையும், வேறு கேடில்லை.

இனி அச்சுறுதி. இதுவே இவ்வியலின் உயிர்நிலை ஆகலின் நின்று கேள். படிவத்தின் பின்புறத்தில், கண்ணாடி அணிந்தோரும் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கும் அளவினவாகிய எழுத்துகளில் இஃது அமையும். தன்மைக் கட்டு எனவும் படர்க்கை நெகிழ்வு எனவும் இருபாற்படும். “கட்டுப்படுவேன்”, “செலுத்துவேன்”, “கோரமாட்டேன்” எனப் புகுவோன் தன்னைச் சுட்டிச் சொல்வன எல்லாம் தன்மைக் கட்டு. “மாற்றப்படலாம்”, “உயர்த்தப்படலாம்”, “முன்னறிவிப்பின்றி நீக்கப்படலாம்” என ஏற்போரைப் பற்றி வருவன படர்க்கை நெகிழ்வு. பின்னவற்றுள் செய்வோர் யாரெனத் தோன்றாமை காண்க. ஒருபாலார் கட்டுண்ண மறுபாலார் நெகிழ நின்றால் உடன்பாடு யாங்ஙனம் ஆகும் எனின், நன்று வினவினாய். தலைப்பில் உடன்பாடு என எழுதியிருத்தலின் ஆயிற்று.

அச்சுறுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதன்கீழ்க் கையொப்பம் தமிழில் விழும். அக்கையொப்பமும் இருவகைத்து: அணிக்கையொப்பம், சுமைக்கையொப்பம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆம் பிரிவில், அகவை நிரம்பினோனே உடன்பாடு செய்யத் தக்கான் என்றது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகவையைப் பதினெட்டு என வரைந்தது. கொல்கத்தாவில் அகவை நிரம்பாத ஒருவன் தன் உடைமையை ஈடுவைத்துக் கடன் பெற்ற வழக்கில், அவன் எழுதித் தந்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது என 1903இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. நம் புகுவோனுக்கோ, சேரும் நாளில், பெரும்பாலும் பதினேழு. எனவே அவன் படிவத்தின் இடப்புறத்தில், கணக்கு ஏட்டின் கடைசித் தாளில் பலகாற் பழகிய வளைவுகளோடும் அடிக்கோட்டோடும் இடுவது அணிக்கையொப்பம். கண்ணுக்கு இனியது, கட்டும் ஆற்றல் அற்றது. “எங்க சார் போடணும்?” என வினவி, அலுவலர் விரல் வைத்த இடமெல்லாம், முன்னெழுத்தின் புள்ளியை மறவாது, தந்தை இடுவது சுமைக்கையொப்பம். உடன்பாடு இதன்மேல் நிற்கின்றது. படிக்கப் போகின்றவன் கட்டுப்படான்; கட்டுப்படுகின்றவர் படிக்கப் போவதில்லை. இவ்வமைப்பின் நுட்பம் உணர்ந்து மகிழ்க.

புதியோரைத் துன்புறுத்தேன் எனப் புகுவோனும் பெற்றோரும் தனித்தனியே தரும் உறுதி, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறையையும் சார்ந்தது. அஃது உயிரைக் காக்க எழுந்தது ஆகலின் நம் பகுப்பினுள் அடங்காது. அதனை முழுதும் படித்துக் கையொப்பமிடுக.

நான்காவது பொருளுறுதி. இதனுள் கொடை, மீட்சி, சிறை என மூன்று அடங்கும். கொடையாவது கட்டணம். ஒரு பருவத்திற்கோ ஓராண்டிற்கோ உரியதையே முன்னர்க் கொள்ளலாம், முழுப்படிப்பிற்கும் உரியதை ஒருங்கு கொள்ளலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2003இல் உரைத்தது. இக்கொடையின் நிழல்போல், பற்றுச்சீட்டு இன்றி உடன்வருவது சீட்டில்கொடை. 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டமையால் அஃது இல்பொருள். இல்பொருளுக்கு வகை கூறல் நூல்மரபு அன்று. ஆயினும் அதன் வகை மூன்று: கட்டட வளர்ச்சிக்கு, அறக்கட்டளைக்கு, “பேப்பர்ல வேண்டாம் சார்”.

மீட்சியாவது விலகுவோன் கொடுத்ததைத் திரும்பப் பெறுதல். பல்கலைக்கழக நல்கைக்குழு 2018ஆம் ஆண்டு அறிவிக்கையில் இதனை ஐந்தாகப் பகுத்தது. பகுப்பதில் அக்குழு நம் இனம் ஆகலின் யாம் அதனை அப்படியே தழுவிப் பெயர் மட்டும் தந்தாம். சேர்க்கை இறுதிநாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னர் விலகுவோன் பெறுவது முழுமீட்சி. அதிலும் ஐந்து விழுக்காட்டிற்கு மிகாமல், 5,000 உருபாவைத் தாண்டாமல், அலுவற்செலவு கழிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக முன்னர் விலகுவோன் பெறுவது 90 விழுக்காடு. அது சிறுகுறை மீட்சி. இறுதிநாள் கழிந்து பதினைந்து நாளுக்குள் எனின் 80. அது பெருங்குறை மீட்சி. பதினைந்து நாள் கடந்து முப்பது நாளுக்குள் எனின் 50, அரைமீட்சி. அதன் பின்னர் வருவோன் பெறுவது ஒன்றுமில்லை, அது கைவீச்சு. இவ்வைந்தின் வேறாக நடைமுறையில் ஆறாவதொன்று உண்டு. “அக்கவுண்டன்ட் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்பது அதன் வாய்பாடு. பதினைந்தாம் நாளில் வந்தவனை முப்பத்தொன்றாம் நாளுக்குக் கொண்டு சேர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டாகலின் அதனை நகர்மீட்சி என்க.

சிறையாவது மெய்ச்சான்றுகளைப் பிடித்து வைத்தல். மேற்கூறிய அறிவிக்கையே, சான்றுகளை நேரிற் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தருக, வைத்துக்கொள்ளற்க என்றது. வளவனூர்த் தந்தை, மாற்றுச்சான்று, மதிப்பெண் சான்று, இனச்சான்று மூன்றையும் ஒளியுறையுள் இட்டு, மேலே இழுவைப் பல் உள்ள கோப்பில் வைத்து, மழை வருமோ என அஞ்சி மஞ்சட்பையுள்ளும் வைத்துக் கொணர்வார். “ஒரிஜினல் குடுங்க, வெரிஃபை பண்ணிட்டுக் குடுத்துடுவோம்” என்னும் சொல்லின்பின் மஞ்சட்பை மட்டும் வீடு திரும்பும். சரிபார்த்தல் சிறுசெயல் ஆயினும் சில இடங்களில் நான்காண்டு நிகழும். அவ்விடத்து எழுத்துகள் மிகுதி போலும்.

அற்றேல், இத்துணை கொடுத்தவன் கொள்வோன் ஆகானோ, நுகர்வோர் மன்றம் ஏகலாகாதோ எனின், அதற்கும் விடை உண்டு. தேர்வு எழுதுவோன் நுகர்வோன் அல்லன் எனப் பீகார்ப் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009இலும், கல்வி விலைப்பண்டம் அன்று என ரோத்தக் மகரிசி தயானந்தர் பல்கலைக்கழக வழக்கில் 2010இலும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகலின் கட்டணச் சாளரத்தின் முன் நிற்கும் வரை அவன் கொள்வோன். சீட்டைப் பெற்றுத் திரும்பிய நொடியில் கற்போன். இம்மாற்றம் நிகழுங்கால் நோவு இராது.

பொறியியல் புகுவோர்க்குக் கலந்தாய்வு உண்டு. அதில் ஏற்றுச் சேர்தல், ஏற்று மேனோக்கல், மறுத்து மேனோக்கல் முதலிய தெரிவுகளை அரசே வகுத்து வைத்துள்ளது. பிறர் வகுத்ததை மீள வகுத்தல் கூறியது கூறல் என்னும் குற்றமாம்.

ஐந்தாவது எழுதாவுறுதி. சேர்ந்த இடம் சேர்ந்த இடமாகவே இருக்கும் எனப் புகுவோன் தானே கருதிக்கொள்வது. இதற்கு விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக்கல்லூரி சான்று. 1968இல் தோன்றிய அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின்பாற் பட்டிருந்தது. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் எழ, அதன்பாற் சென்றது. 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் விழுப்புரத்திலேயே டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் சட்டத்தாற் பிறந்தது. ஊரில் பல்கலைக்கழகம் வந்துவிட்டது என இனிப்பு வழங்கினாரும் உளர். அவ்வாண்டு முடியுமுன்னரே அதனைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமன்றத்தில் முடிவாயிற்று. கல்லூரி ஓரடி நகர்ந்திலது. பெஞ்சும் அதன்மேற் கவராயத்தாற் செதுக்கிய பெயர்களும் நகர்ந்தில. சென்னையும் வேலூரும் விழுப்புரமும் சிதம்பரமும் அதன் மேலாக நடந்து சென்றன. இதற்கு இருந்துழிப்பெயர்ச்சி என்பது பெயர். புகுவோனின் ஒப்புதல் கேட்கப்பட்டதோ எனின், கேட்க வேண்டியதில்லை. “மாற்றப்படலாம்” என்னும் படர்க்கை நெகிழ்வின்கீழ் அவன் தந்தை முன்னரே புள்ளி வைத்துக் கையொப்பமிட்டிருப்பார்.

இனிப் பயிற்சி. வளவனூரான் ஒருவன் சேர்க்கை இறுதிநாளுக்குப் பன்னிரண்டு நாள் பின்னர், வேறிடம் கிடைத்தமையால் விலகுகின்றான். அவன் தந்தை மூன்றுமுறை பேருந்தேறிச் சென்றும் அக்கவுண்டன்ட் விடுப்பில் உள்ளார். அவனுக்கு உரியது எம்மீட்சி, பெறுவது எம்மீட்சி என இரண்டு பக்கத்திற்கு மிகாமல் எழுதுக. விடைத்தாளின் கீழ் வலப்புறத்தில் தந்தையின் கையொப்பம் பெற்று வருக.