மீனைத் தின்னுற பாசியா பேராண்டி?

இன்னாடா பேராண்டி, மூஞ்சி தொங்கிப்போயி கெடக்குது? கொளத்தூர் மட்டும் போயி, காசு குடுத்து, கவர்ல கட்டியாந்த மெதக்குற பாசி மீனைத் தின்னுடுமாமே! நல்லா வாங்குன போ. நம்மூரு குட்டையில மழைக்குப் பொறவு சும்மாவே மெதந்து மஞ்சப் பூ பூக்கிற சாதிடா அது. குட்டையை மேடாக்கி ஃபிளாட் கட்டுனோம், இப்ப ஹால்ல கண்ணாடிக் குட்டை வெக்கிறோம். 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல அடையாத்துத் தண்ணி தானா வீட்டுக்குள்ள வந்துது, அப்ப மட்டும் படகு கேட்டுக் கத்துனீங்க.

படிச்சவங்க அதை யுட்ரிகுலேரியான்றாங்க. பாசியே இல்ல, பூக்குற செடி. வேர் கெடையாது. இழையில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்ல பையிங்க தொங்குது பாரு, அதான் வாயி, அதான் வயிறு. உள்ள இருக்கிற தண்ணியை வெளிய தள்ளிட்டு, அமுக்கிப் புடிச்ச இங்க் ஃபில்லராட்டம் ஒடுங்கிக் காத்திருக்கும். வாசல்ல நீட்டிக்கினு இருக்கிற முடியில தண்ணிப்பூச்சி இடிச்சுதோ, கதவு தொறந்து தண்ணியோட உள்ள இழுத்துடும். ஒரு நொடியை ஆயிரமாப் பிச்சா அதுல ஒரு பங்கு நேரங்கூட ஆவாது. டார்வின் தொரையே 1875ல போட்ட புஸ்தகத்துல, பூச்சி தானா தலையை உட்டு முட்டிக்கினு போவுதுன்னுதான் எழுதுனாரு. அவரு கண்ணுக்கே டிமிக்கி குடுத்த செடி, நீ எம்மாத்திரம்?

இவ்ளோ பெரிய வாயில உன் கப்பி மீன் எங்கடா நொழையும்? போட்ட குட்டிகூட அதுக்குப் பெருசு. கொசுப்புழு பொடுசா இருந்தா முழுங்கும், அது உனக்கு லாபம். ஃபைட்டர் மீன் முட்டை பொரிச்சா மட்டும் உஷாரு, அந்தக் குஞ்சு நூலாட்டம் இருக்கும். அப்ப செடியை வேற தொட்டிக்கு மாத்திடு.

சத்தில்லாத தண்ணியில பொழைக்கத்தான் அது பூச்சி புடிக்குது. நீ மீனுக்குப் பொட்டலம் பொட்டலமாக் கொட்டி, செடிக்கு பாட்டில் உரமும் ஊத்துனா பச்சைப்பாசி மேல மூடி அதான் சாவும். உப்புப் பூத்த போர் தண்ணியைவிட மழைத்தண்ணி அதுக்குத் தோது.

வேணாம்னா சேலையூர் ஏரியில வீசிடாத. துண்டு கெடச்சாலே தழைச்சிடும். ஆகாயத்தாமரையும் அழகுக்குன்னு வெளிநாட்டுலேர்ந்து வந்ததுதான், இன்னிக்கு வாரி மாளல. வெயில்ல காயப்போட்டு ரோசாச்செடிக்குப் போடு.

எங்கடா எழுந்துக்கிற? தீனி டப்பாவை வெய்யி கீழ. காலையிலயே ரெண்டு தரம் கொட்டுனதைப் பாத்துக்கினுதான இருந்தேன்.